ஆராதனையைச் சுருக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கல்யாண ஏற்பாட்டுக் கட்டுரையில், 'சர்ச்சில் திருமணம் என்றால் பாதிரியாரிடம் முன்பே பேசி சடங்கைச் சுருக்கிக்கொள்ளுங்கள், போட்டோவுக்கு நேரம் கிடைக்கும்' என்று ஒரு வரி. மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் அவ்வளவு பொறுப்பாக எழுதியவர் இந்த ஒரு வரியை எப்படி எழுதினார் என்று மனசு ஆறவில்லை. கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) திருமண ஏற்பாடுகளைக் கவனிக்கிற கமிட்டிக்காரன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சுருக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது? பாட்டு, வேதவாசிப்பு, அருளுரை, உடன்படிக்கை, மோதிரம் அல்லது தாலி, ஜெபம், ஆசீர்வாதம். எல்லாம் சேர்ந்தே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உடன்படிக்கைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. குருவானவர் துண்டு துண்டாகச் சொல்ல, மாப்பிள்ளையும் பெண்ணும் திருப்பிச் சொல்வார்கள். நோயிலும் சுகத்திலும், வறுமையிலும் வளத்திலும் கைவிடமாட்டேன் என்கிற வாக்கு அது. சபையார் அதற்குச் சாட்சி. ஆனால் இன்றைக்குச் சபையார் பார்ப்பது, பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதித் தடுப்பைத் தாண்டி ஏறி நிற்கிற நாலு போட்டோகிராபர்களின் முதுகைத்தான். மோதிரம் பாதி விரலில் இருக்கும்போது, 'அப்படியே நில்லுங்க, இங்க பாருங்க' என்று ஒரு குரல். பெண் கேமராவைப் பார்க்கிறாள். வாக்கில் அடுத்த சொல் மறந்துபோகிறது.

போட்டோகிராபரைக் குறை சொல்லமாட்டேன். ஆராதனை முறையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முந்தின நாள் சாயங்கால ஒத்திகைக்கு மணமக்களோடு அவரையும் வரச்சொல்லி, முறையை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு கேமரா பாடகர் குழுப் பக்கத்துத் தூண் ஓரம், இன்னொன்று நடுவழியின் பின்னால் ஸ்டாண்டில். உடன்படிக்கை முடியும்வரை இரண்டும் நகரக்கூடாது. பவனி வரும்போதும் போகும்போதும் எவ்வளவு வேண்டுமானாலும் ஃபிளாஷ் அடிக்கட்டும். வாக்குக் கொடுக்கும்போதும் ஜெபத்திலும் ஆசீர்வாதத்திலும் வேண்டாம். மோதிரம் போடுகிற கையை நெருக்கமாக எடுக்க ஜூம் லென்ஸ் இருக்கிறது, பீடத்தில் ஏறவேண்டியதில்லை. வீடியோ விளக்கையும் கோயில் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே லைனில் சொருகினால் சுமை தாங்காமல் டிரிப் ஆகி, வாக்குச் சொல்லும் நேரத்தில் மைக் நின்றுவிடும். விளக்குக்குத் தனி லைன் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை கோட்டில் வீடியோக்காரர் மாட்டுகிற கார்ட்லெஸ் மைக்கும் குருவானவரின் மைக்கும் ஒரே அலைவரிசையில் இருந்தால் இரண்டும் கரகரக்கும். மிக்ஸரிலிருந்து ஒரு ஒயரை வீடியோக்காரருக்கு இழுத்துக் கொடுத்துவிட்டால் அவருக்கும் சுத்தமான சத்தம் கிடைக்கும்.

இதையெல்லாம் முன்னாலேயே தன்மையாகச் சொல்லாமல், நடு ஆராதனையில் மைக்கிலேயே அதட்டுகிறவர்கள் எங்களிலும் உண்டு. அது எனக்கு உங்கள் கட்டுரையைவிட வேதனை. பிற மதத்து நண்பர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல்முதலாகக் கோயிலுக்குள் வந்தவர் ஒரு ஏச்சைக் கேட்டுவிட்டா வீட்டுக்குப் போகவேண்டும்? பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் தரிக்கவேண்டாம், அதாவது உலகத்தாரைப்போல நடக்கவேண்டாம் என்று ரோமருக்கு எழுதின அப்போஸ்தலன் பவுல்தான், பேச்சு எப்போதும் கிருபை பொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருக்கவேண்டும் என்று கொலோசெயருக்கும் எழுதினார். முதலாவதைப் பிடித்துக்கொள்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கவேண்டிய விஷயங்கள் வேறு. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் குருவானவரிடம் வருகிறார்கள். பார்த்தால் தேதி லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் விழுகிறது. அந்த நாட்களில் பல சபைகளில் திருமணம் வைப்பதில்லை. 2027-ல் லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் பிப்ரவரி 10-லேயே வந்துவிடுகிறது, ஈஸ்டர் மார்ச் 28. தை மாதக் கடைசியில் தேதி குறிப்பவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். ஓலையை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்கிற அறிவிப்பை, கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும். பெண் வேறு சபை என்றால் அங்கேயும் வாசித்துச் சான்று வாங்கி வரவேண்டும். 1872-ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்தமுடியும். ஐந்தரைக்கு ஆராதனை என்று அழைப்பிதழ் அடித்துவிட்டுப் பெண் பியூட்டி பார்லரிலிருந்து ஆறேகாலுக்கு வந்து இறங்கினால், குருவானவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடத்தவேண்டும். பதிவேட்டில் மணமக்களும் குருவானவரும் இரண்டு சாட்சிகளும் போடுகிற கையெழுத்தும் அவசரத்தில் நடக்கிறது. பெயரிலோ இனிஷியலிலோ ஒரு எழுத்து மாறினாலும் பிற்பாடு பாஸ்போர்ட்டுக்கு அலையவேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் வேறொன்று என்று இருப்பவர்கள் ஓலை எழுதிக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

எழுத ஆரம்பித்தபிறகு மற்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய வெள்ளி எங்களுக்குத் துக்க நாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் 'புனித வெள்ளி வாழ்த்துகள்' என்று விளம்பரம் வருகிறது. வரன் தேடும் பக்கத்தில் 'கிறிஸ்தவர்' என்று போட்டு அடுத்த சொல்லிலேயே சாதி. எழுதிக் கொடுப்பவர்கள் எங்கள் சபையார்தான், அந்தப் பாவம் எங்களுடையது. வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்துவிட்டது. எத்தனை பவுன், எத்தனை லட்சம் என்று தெருவுக்கே தெரியும். திருமணத்துக்குத் தடை உண்டா என்று மூன்று ஞாயிறும் ஓலையில் கேட்கிறோம். வரதட்சணையைப்பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆடம்பரம் வெளியிலிருந்து வந்து எங்களைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவைத் திறந்து விட்டவர்கள் நாங்களே.

ஒரு சிறிய வேண்டுகோள்தான். அடுத்த முறை கல்யாணப் பக்கம் வரும்போது ஓலை, லெந்து நாட்கள், மாலை 7 மணி, ஒத்திகைக்குப் போட்டோகிராபரை அழைப்பது, இந்த நான்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். சுருக்கச் சொன்ன வரிக்கு ஒரு திருத்தம் போட்டாலும் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஆலயக் கமிட்டி உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை