ரிக் நெல்சன் தாவவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கன்ட்ரி ராக் (அமெரிக்க நாட்டுப்புறச் சாயலுள்ள கன்ட்ரி இசையும் ராக் இசையும் கலந்தது) பற்றி வந்த கட்டுரையில், அமெரிக்கப் பாடகர் ரிக் நெல்சன் குறித்து ஒரு வரி: "பாட்டு விலைபோகாத காலத்தில் ரிக் நெல்சனும் இந்தப் பக்கம் தாவினார்." மூன்று நாட்களாக அந்தத் 'தாவினார்' நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது.

1958 ஆகஸ்டில் அமெரிக்க இசை இதழான பில்போர்டு 'ஹாட் 100' என்ற பாட்டு வரிசைப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அவருடையது என்பது தாங்கள் அறியாததல்ல. அறுபதுகளின் கடைசியில் அவர் பாட்டுகள் பட்டியலில் இறங்கியிருந்தது உண்மைதான். ஆனால் பழைய பாட்டுகளைப் பாடியே அவர் காலம் தள்ளியிருக்கலாமே! 1966-லும் 1967-லும் கன்ட்ரி ஆல்பங்கள் வெளியிட்டார். 1969-இல் ஸ்டோன் கேன்யன் பேண்ட் என்ற கன்ட்ரி ராக் குழுவைச் சேர்த்தார். 1971-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பழைய பாட்டுகளுக்காகக் கூடிய கூட்டம் கூச்சலிட்டது. தன்னை எதிர்த்துத்தான் என்று மனம் நொந்து மேடையை விட்டு இறங்கினார். அப்போதும் இசையை மாற்றவில்லை. அந்த வேதனையிலிருந்து பிறந்த 'கார்டன் பார்ட்டி' மறு ஆண்டு ஆறாம் இடம் வரை ஏறியது. பிழைப்புக்குத் தாவுகிறவர் செய்கிற காரியமா இது?

கப்பலில் வேலை பார்த்த என் மாமா, அந்தக் குழு ட்ருபடோர் அரங்கில் வாசித்த ரெக்கார்டைக் கொண்டுவந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல். ஊசி அங்கே சிக்கினால் விரல் நுனியால் மெல்லத் தள்ளிவிடுவார். அக்குழுவின் டாம் பிரம்லி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் வரும்போது யாரும் பேசக்கூடாது. கோட்டுவாத்தியம் போலக் கட்டையை நகர்த்தி வாசிக்க, காலடியில் பெடலை அழுத்தினால் சுரம் நடுவழியிலேயே வளையும். அதைத்தான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் 'ஹவாய் கிட்டார்' என்று எழுதியது. திருத்தி ஒரு கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை.

ஈகிள்ஸ் என்ற புகழ்பெற்ற கன்ட்ரி ராக் குழுவுக்கு இம்முறை நான்கு பக்கம். நல்லது. அதைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான ராண்டி மைஸ்னர், நெல்சன் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் என்ற ஒரு வரிக்கு அதில் இடமில்லையா? 2023 ஜூலையில் அவர் மறைந்தபோதும் ஒரு பெட்டிச் செய்திகூட இல்லை. இருபத்தெட்டு ஆண்டுச் சந்தாதாரன் என்ற உரிமையில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த இதழில் 'தாவினார்' என்பதைத் திரும்பப் பெற்று, 'முன்னோடிகளில் ஒருவர்' என்று இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், திருச்சி