எட்டு அடி பட் தவறிய நாள்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோல்ஃபுக்குப் புது பட்டர், அதாவது பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளும் மட்டை, வாங்க வேண்டும் என்று நீ கேட்டதாக அக்கா நேற்று இரவு போனில் சொன்னாள். உன் ஆட்டத்துக்கு உதவும் என்றால் நானே வாங்கித் தருவேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் 18 குழியும் உன்னோடு நடந்தவன் நான். கையில் நோட்டும் இருந்தது. நீ இழப்பது வேறு இடத்தில். அதை வாயால் சொன்னால் நம்பமாட்டாய், எண்ணோடு காட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே குழப்பம் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

தமிழில் அடி என்றால் அளவும் உண்டு, அடிப்பதும் உண்டு. இந்தக் கடிதத்தில் அடி என்றால் தூரம் மட்டுமே. எண்ணிக்கைக்கு ஸ்ட்ரோக் என்றே எழுதுகிறேன்.

அந்த 400 கஜக் குழியை நினைத்துப்பார்: முதல் பந்தை அடிக்கும் டீயிலிருந்து கொடி நிற்கும் குழி வரைக்கும் 400 கஜம். பார் 4, அதாவது நாலு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது. டிரைவரில், அந்த நீண்ட மட்டையில், நீ அடித்த பந்து 240 கஜம் போய் ஃபேர்வே என்கிற புல்பாதையின் நடுவில் நின்றது. மீதி 160 கஜம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன்; கொடி அந்தக் கிரீனின் வலது ஓரத்தில், பங்கர் என்கிற மணல் பள்ளத்துக்கு மேலே இருந்தது. மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடி அண்ணன் அயர்ன் மட்டையை உன் கையில் கொடுக்கும்போதே, "கொடியைப் பார்க்காதீர்கள் தம்பி, நடுவுக்கு அடியுங்கள்" என்றார். நீ கொடிக்கே அடித்தாய். பந்து பங்கரில் விழுந்தது. குழியிலிருந்து 20 கஜம். அங்கிருந்து அருமையாக எடுத்து 8 அடியில் நிறுத்தினாய். எனக்கு அந்த மணல் சிதறல் இன்னும் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு சுத்தமான வீச்சு. பட்டரால் உருட்டிய அந்த பட் குழியின் உதட்டில் பட்டு வெளியே போனது. பட்டரால் தரையைக் குத்தினாய். போகி. பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் அதிகம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், போத்தனூர் தாண்டும் வரைக்கும், அந்த 8 அடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய்.

இப்போது கணக்கைப் பார்.

அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் என்ற தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வொரு பந்தும் எங்கிருந்து கிளம்பி எங்கே நின்றது என்பதை கருவிகள் வைத்துப் பல ஆண்டுகளாகக் குறித்துவருகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி அந்தக் குவியலை எடுத்து ஒரு அட்டவணை போட்டார். இந்த இடத்தில், இந்தத் தூரத்தில் பந்து கிடந்தால் குழிக்குள் போட சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் ஆகும் என்பதே அந்த அட்டவணை. பிராடியின் முறையை 2011-இல் டூர் முதலில் பட்டிங்குக்கு ஏற்றுக்கொண்டது; பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் வந்தது. ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதுதான். அடிப்பதற்கு முன் இருந்த எண்ணிலிருந்து அடித்த பின் இருக்கும் எண்ணைக் கழி, அடித்த ஒன்றையும் கழி. மிஞ்சுவது அந்த ஒரு ஸ்ட்ரோக்கின் லாபம் அல்லது நட்டம்.

400 கஜ டீயில் எண் 3.99. ஃபேர்வேயில் 160 கஜத்தில் 2.98. ஆக உன் டிரைவில் 0.01 லாபம். டூர் ஆட்டக்காரனின் சராசரி டிரைவுக்கு அது நிகர், மாப்பிள்ளை. அடுத்து, 20 கஜத்தில் மணலில் கிடந்தால் 2.53. அந்த அயர்னில் நீ இழந்தது 0.55. பங்கரிலிருந்து 8 அடிக்கு வந்தாய். 8 அடியின் எண் 1.50, அதில் 0.03 லாபம். பட் தவறியதில் 0.50 நட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்றுக்குச் சற்று மேல் நட்டம்: போகி.

8 அடியில் எண் ஏன் 1.50 என்று யோசி. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களே அந்தத் தூரத்தில் இரண்டுக்கு ஒன்றைத் தவறவிடுகிறார்கள். 10 அடியில் 10-க்கு 4 போடுகிறார்கள். 20 அடியில் 100-க்கு 15தான். தொலைக்காட்சியில் விழுகிற பட்களையே காட்டுவதால் நமக்கு எல்லாம் விழுவதுபோலத் தோன்றுகிறது. நீ தரையைக் குத்தியது பூவா தலையா போட்டுத் தலை விழுந்ததற்கு. அதற்கு முன் நடந்த 0.55 உன் கையில் இருந்தது. கேடி அண்ணன் சொன்னபடி கிரீன் நடுவுக்கு அடித்து, கொடியிலிருந்து 30 அடியில் பந்து நின்றிருந்தால் எண் 1.98. 2.98-இலிருந்து 1.98 போய், அடித்த ஒன்றும் போனால் நட்டம் பூஜ்யம். 30 அடி தள்ளி நிற்கிற, பார்க்க ஒன்றுமில்லாத அந்தப் பந்துக்கு டூர் சராசரியே கிடைக்கிறது. அந்த அண்ணன் அட்டவணை எதையும் பார்த்ததில்லை. ஆனால் எத்தனையோ வருடங்களாக அந்தப் பங்கரில் விழுந்த பந்துகளைத் தேடி எடுத்தவர் அவர்.

டிரைவ் பார்வைக்கு, பட்டிங் பணத்துக்கு என்று கோல்ஃபில் ஒரு பழைய பேச்சு உண்டு. உனக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 2004 முதல் 2012 வரை டூரின் முதல் 40 ஆட்டக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கிடைத்த சாதகம் எங்கிருந்து வந்தது என்று பிராடி பிரித்துப் பார்த்தார். கிரீனை நோக்கி அடிக்கும் அயர்ன்களில் 40 சதவீதம், டிரைவில் 28, கிரீனைச் சுற்றிய சிறு வீச்சுகளில் 17, பட்டிங்கில் 15. ஒரு சுற்றில் எத்தனை பட் என்று எண்ணுவதும் ஏமாற்றும். கிரீன் எல்லாம் தவறி, ஓரத்திலிருந்து சிப் செய்து, அதாவது சிறிதாகத் தூக்கி அடித்து, நாலு அடியில் வைப்பவனுக்குப் பட் எண்ணிக்கை குறையும். கிரீனை எல்லாம் பிடித்து 30 அடியிலிருந்து போடுகிறவனுக்குக் கூடும். இவர்களில் யார் நன்றாக ஆடினார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

நான் மில்லில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீளம் அளக்கும் ராப் ரீல் கருவியில் நூலைப் பூட்டி 80 சுற்றுச் சுற்றுவோம். ஒரு சுற்று ஒன்றரை கஜம். 80 சுற்றுக்கு 120 கஜம். அதை எடை போட்டு நூலின் நம்பர் பார்ப்போம். 840 கஜச் சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு வந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். நம் ஊர் பஞ்சாலைகள் இன்னமும் கஜத்தில்தான் கணக்குப் போடுகின்றன, கோல்ஃப் மைதானமும் கஜத்தில்தான் அளக்கிறது. இது எனக்கு எப்போதும் பிடித்த ஒற்றுமை.

அந்த வேலையில் முதல் நாளே புரிந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. 38-ம் 42-ம் மாறி மாறி ஓடினாலும் சராசரி 40 வரும். அந்த நூலை அனுப்பினால் திருப்பூரில் பனியன் துணியில் பட்டை பட்டையாகத் தெரிந்து, சரக்கு திரும்பி வரும். அதனால் சராசரிக்குப் பக்கத்தில் சிதறலையும் எழுதாமல் எங்கள் ரிப்போர்ட் மேலே போகாது.

உன் அயர்னுக்கும் சிதறல் இருக்கிறது. போன மாதம் பயிற்சித் திடலில் 7-ஆம் நம்பர் அயர்னில் 40 பந்துகள் அடிக்கச் சொன்னேனே, நீ டீ குடிக்கப் போனபோது ஒவ்வொன்றும் குறிக்கம்பத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று காலடியால் அளந்து எழுதினேன். மிக இடது பந்து 14 கஜம், மிக வலது பந்து 24 கஜம். மொத்த அகலம் 38 கஜம். நடுப்புள்ளி கம்பத்துக்கு வலப்புறம் 5 கஜம் தள்ளி இருக்கிறது. நேராகப் போகிறது என்று நீ நினைக்கும் வீச்சு 5 கஜம் வலதில் விழுகிறது.

இந்தச் சிதறலை அந்தக் கிரீன்மேல் வைத்துப் பார்த்தேன். கிரீன் 26 கஜ அகலம், கொடி வலது விளிம்பிலிருந்து 4 கஜம். கொடிக்குக் குறிவைத்தால் உன் நடுப்புள்ளியே கிரீனுக்கு வெளியே போய்விடுகிறது. 40-இல் 22 பந்துகள் பங்கர் பக்கம். கிரீன் நடுவுக்கு 5 கஜம் இடதாகக் குறிவைத்தால் அதே 40-இல் 34 பந்துகள் கிரீனின் அகலத்துக்குள் விழுகின்றன. வீச்சில் எதையும் மாற்றவில்லை. கால் வைத்து நிற்கும் திசை மட்டும் மாறுகிறது. உன் வீச்சைத் திருத்துவதற்குப் பயிற்சியாளர் ஆறு மாதம் கேட்பார். இதை நாளைக் காலையே செய்யலாம்.

பார் 5 குழிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஸ்ட்ரோக்கில் வேண்டுமென்றே 100 கஜத்தில் நிறுத்துகிறாய், அது உனக்குப் பிடித்த தூரம் என்கிறாய். ஃபேர்வேயில் 100 கஜத்துக்கு எண் 2.80, 60 கஜத்துக்கு 2.70, 40-க்கு 2.60. அருகே போகப்போகக் குறைகிறது. 60 கஜத்தில் மணலில் விழுந்தால் மட்டும் 3.15. வழியில் பங்கரோ தண்ணீரோ இல்லையென்றால் முன்னே போ.

காற்றுக்கு வருகிறேன். மேலே சொன்ன 40 பந்துகள் மாசி மாதக் காலையில் அடித்தவை, இலை அசையாத நேரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உனக்குத் தெரியும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சுற்றவைப்பது அதுதான். அந்தக் காற்றுக்கு எதிரே அடிக்கும்போது வளைகிற பந்து இன்னும் அதிகமாக வளையும். எதிர்க்காற்று பிடுங்கிக்கொள்ளும் தூரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. அதனால் தை, மாசிச் சுற்றுகளையும் ஆனி, ஆடிச் சுற்றுகளையும் ஒரே கணக்கில் சேர்க்காதே. மில்லில் பஞ்சுக் கலவை மாறிய அன்றைக்குப் புதுப் பக்கம் தொடங்குவோம். நீயும் அப்படியே செய்.

ஒரு சுற்றை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதே. ஒரே நாளில் நாலு 8 அடி பட் விழும். இன்னொரு நாள் ஒன்றும் விழாது. இரண்டு நாளும் நீ அதே ஆள்தான். ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணை வைத்தும் உன்னை அளக்காதே. கடைசி 20 சுற்றுகளில் மிகச் சிறந்த 8-இன் சராசரியில் போடப்படுவது அது. மீதி 12 சுற்றுகள் அதில் தெரிவதில்லை. உன் வழக்கமான ஸ்கோர் ஹேண்டிகேப்பைவிடக் கூடுதலாக வருவது இயல்பு. அதற்காக நீ ஒவ்வொரு வாரமும் முகம் வாடி வீட்டுக்கு வருவதை அக்கா சொல்லும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். 10 சுற்றுகளுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக்கையும் எழுது: அடிக்கும் முன் எவ்வளவு தூரம், பந்து எதில் கிடந்தது, எங்கே குறிவைத்தாய், எங்கே நின்றது. நாலே விவரம், பென்சிலில், அடுத்த பந்துக்கு நடக்கும்போதே எழுதிவிடலாம். கழித்தல் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். 10 சுற்று முடிந்து பட்டிங் பத்தியில்தான் நட்டம் அதிகம் என்று வந்தால், அன்றைக்கே அவிநாசி ரோட்டுக்குப் போய் பட்டர் வாங்குவோம். நான் தவறாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதையும் அந்த நோட்டே சொல்லட்டும்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பத்திகளுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அட்டவணையின் எண்களைப் பின் அட்டையில் ஒட்டியாகிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். கேடி அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். குறிவைக்கும் இடத்தை அன்றைக்கு முழுக்க அவர்தான் சொல்வார், நீ அடிக்க மட்டும் வேண்டும். திரும்பி வரும்போது சந்தகை வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் மாமா