லஃபாரோவின் பேஸ் பக்கவாத்தியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ பற்றி வந்த குறிப்பு, அவர் வாசித்த டபுள் பேஸை (நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) 'பக்கவாத்தியம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. வேறு பலருக்கு அது பொருந்தலாம். இவருக்குப் பொருந்தாது.

பேஸ் கலைஞர்கள் வழக்கமாக பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு சுரம் வைத்துச் சீராக நடை போட்டு வாசிப்பார்கள். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவில் (டிரியோ) லஃபாரோ அந்த நடையை அடிக்கடி கைவிட்டு, மேல் ஸ்தாயியில் பியானோவுக்குப் பதில் சொல்கிறார். தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு டிரம்ஸ் வாசித்த பால் மோஷியனுக்கு மட்டுமல்ல, மூவருக்கும் பொதுவாகிறது. 1959 டிசம்பர் 28இல் பதிவான 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' தட்டில் 'ஆட்டம் லீவ்ஸ்' கேளுங்கள். முதல் மெட்டு முடிந்ததும் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல முடியாது.

மேல் ஸ்தாயியில் இப்படி வேகமாக வாசிக்க, லஃபாரோ தந்திகளைத் தாங்கும் குதிரையை (பிரிட்ஜ்) தாழ்த்தி வைத்திருந்தார். தந்தி விரல்பலகையை நெருங்கினால் விரல் சுலபமாக ஓடும். ஆனால் ஒலி மெலியும், பலமாக இழுத்தால் தந்தி பலகையில் மோதிச் சடசடக்கும். அடக்கி வாசிக்கும் டிரம்ஸும் இடம் விட்டுக்கொடுக்கும் பியானோவும் இல்லாத குழுவில் இந்த வாசிப்பு எடுபடுவது கடினம்.

குறிப்பில் இரண்டு கச்சேரிகள் போலச் சொல்லப்பட்ட 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' இரண்டும் ஒரே நாள் பதிவுகள். 1961 ஜூன் 25, ஞாயிறு. மதியம் இரண்டு செட், இரவு மூன்று. பதினொரு நாளில், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25. அதனால்தான் முதலில் வெளிவந்த 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்' தட்டு அவர் இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவருடைய 'ஜேட் விஷன்ஸ்'ஸில் முடிகிறது. வாசித்த வரிசை வேறு. வரிசைப்படி கேட்க விரும்புவோர் 2005இல் வந்த மூன்று சிடி தொகுப்பைத் தேட வேண்டும். மின்தடையால் நடுவே அறுந்த 'குளோரியாஸ் ஸ்டெப்' முதல் டேக்கும் அதில் உண்டு.

சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு லஃபாரோ வாசித்ததைக் குறிப்பு விட்டுவிட்டது பெரிய குறை. 1960 டிசம்பர் 21இல் பதிவான கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்'ஸில் இரண்டு பேஸ்: இடது சேனலில் லஃபாரோ, வலதில் சார்லி ஹேடன். ஹெட்போனின் ஒரு காதை மாற்றி மாற்றிக் கழற்றினால் வித்தியாசம் உடனே விளங்கும். ஹேடன் கீழ் ஸ்தாயியில் ஊன்றி நிற்க, லஃபாரோ மேலே அலைகிறார்.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். பேஸின் கீழ்த் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், மேல் தந்தி 98 ஹெர்ட்ஸ். அத்தனை சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிச்சுரங்கள் வெளியே வருவதில்லை. காதில் விழுவது விரல் உரசலும் மேல்சுரங்களும்தான்.

வாசகர்,
கோவை