படகு வயரிங் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். படகு வாங்கியிருக்கிறேன் என்றதுமே அம்மா போனை வைத்துவிட்டார்கள். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூட வேலை பார்க்கும் நண்பரும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. 9 மீட்டர் பாய்மரப் படகு, என்னைவிட வயதில் மூத்தது. இங்கே கோடை வந்தால் சனி, ஞாயிறு பாதிப் பேர் படகுத்துறையில்தான் இருக்கிறார்கள். முதல் வருஷம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன். இப்போது மல்டிமீட்டரோடு படகுக்குள் தலைகீழாகக் கிடக்கிறேன். இந்த ஊர் பாஷை எனக்கு இன்னும் திக்குகிறது. ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், பக்கத்துப் படகுக்காரர் தானாக வந்து எட்டிப் பார்க்கிறார்.

முதல் பிரச்சினை ஃபிரிட்ஜ். கிளம்பும், உடனே நின்றுவிடும். பேட்டரி போய்விட்டது, மாற்று என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் பட்டறையில் செய்வதுபோல லோடு ஓடும்போதே இரண்டு முனையிலும் அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், ஃபிரிட்ஜ் முனையில் 10.9. நடுவில் மெல்லிய வயர், அதில் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட், உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? படகின் 12 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்கு. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 7 மீட்டர் என்றால், போக வர 14 மீட்டராகக் கணக்குப் போட வேண்டும். 5 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் 0.2 வோல்ட்தான் இறங்கும். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கேபிள்தான் வாங்கினேன். கடல் காற்றில் வெறும் செம்பு நிற்காது.

அதன் பிறகுதான் மொத்தத்தையும் புதிதாகத் திட்டமிட உட்கார்ந்தோம். நண்பருக்கு முதலில் பேட்டரி வாங்க ஆசை. லோடு எழுதாமல் லைன் இழுக்கக் கூடாது என்று நீங்கள் திட்டியதெல்லாம் காதில் விழ, நான் நோட்டை எடுத்தேன். 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் 50 ஆம்பியர்-அவர். வரைபடக் கருவியும் மற்ற மீட்டர்களும் 16. தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் 12. ரேடியோ 4, உள்விளக்குகள் 5, போன் சார்ஜிங் 8. நங்கூர விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் எல்.இ.டி என்பதால் 2தான். தண்ணீர் பம்ப் 6 ஆம்பியர் இழுத்தாலும் ஓடுவது சில நிமிஷம், 1 போதும். ஆக, சுமார் 100.

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும், உங்களுக்குத் தெரியாததா! அப்படிப் பார்த்தால் இரண்டு நாளைக்கு 400 ஆம்பியர்-அவர் வேண்டும், எடை நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதனால் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் 160 தாராளமாக எடுக்கலாம், எடையும் நாலில் ஒரு பங்குதான். மேலே 200 வாட் சோலார். நல்ல வெயில் நாளில் 50 தரும், மீதி 50தான் பேட்டரியிலிருந்து. இன்ஜினைத் தொடாமல் மூன்று நாள் நங்கூரத்தில் கிடக்கலாம். ஒரே தொல்லை, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. இந்த ஊர்க் குளிரில் மறந்துவிட்டால் தொலைந்தது.

இன்ஜினோடு சுற்றிச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரை இதில் நேராகக் கோக்கவில்லை. லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடும் போகும். எனவே ஸ்டார்ட் பண்ண பழையபடி தனி ஈய பேட்டரி, அதிலிருந்து, 30 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு.

நண்பரோடு ஒரே சண்டை மின்சாரக் கெட்டிலுக்குத்தான். 1500 வாட் என்றால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 130, 140 ஆம்பியர் உறிஞ்சும். இரண்டு கோப்பை சூடான தண்ணீருக்காகக் கட்டைவிரல் கனத்தில் கேபிளா? கேஸ் அடுப்பே போதும் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

வரைபடத்தைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மெயின் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கிறது, ஒரு சாண் கூடத் தள்ளவில்லை. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பை மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே தனி ஃபியூஸ் வைத்து எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் அது விழித்திருக்க வேண்டும். கரை மின்சாரத்தின் எர்த்தை எப்படி எடுப்பது என்பதில்தான் இன்னும் தயக்கம். அந்தப் பகுதியை இங்கே உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடப் போகிறேன். மீதியில் தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.

அம்மாவிடம், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறுவதில்லை என்று சொல்லுங்கள். துறையில் கட்டிக் கிடக்கும்போதுகூட.

அன்புடன்,
உங்கள் மகன்