பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு நிலையை எப்படிப் பார்ப்பது என்று நீ கேட்டிருந்தது இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற சங்கதியாக இல்லை. அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. டாக்டர் வாசிக்கலாம் என்று சொன்ன அன்றே செய்தித்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வரிக்கு அடியில் விரலை வைத்து, வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறார். ஒரு பத்திக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. வாசித்து முடித்ததும், யார் என்ன சொன்னார்கள், அதில் எது நியாயம், எது இல்லை என்று அரை மணி நேரம் பேசுகிறார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் உன் கேள்விதான் ஞாபகம் வருகிறது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அம்மாவை எந்த நிலையில் எழுதுவோம்?

மூன்றாம் வகுப்பில் 42 பிள்ளைகள், ஐந்து வேலை நாளுக்குள் எல்லாருடைய வாசிப்பு நிலையையும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாய். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு கட்டம். முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் என்றால், ஒன்பது பேருக்கு முக்கால் மணி நேரம். முதல் நான்கு நாள் ஒன்பது ஒன்பது பேர், கடைசி நாள் ஆறு பேர். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் படம் வரைகிற வேலை கொடுத்துவிடு. வகுப்பின் பின்பக்கம் ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டு, பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வைப்பது மட்டும் வேண்டாம். அப்போது நாம் கேட்பது பாதி வாசிப்பு, பாதி பயம். எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த நான்கு கட்டம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-ல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில், கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதற்காக அமைத்த தாள் அது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆரம்பிக்கிற இடம். எழுத்திலிருந்து தொடங்குவதில்லை, நடுவில் இருக்கிற சின்னப் பத்தியிலிருந்து தொடங்குகிறார்கள். அதை வாசித்துவிட்டால் கதைக்கு மேலே ஏறலாம். முடியாவிட்டால் சொல்லுக்கு இறங்கலாம். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வந்தால் அந்த நிலை. அதுவும் வராவிட்டால் எழுத்து. கேட்கிறவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, சீக்கிரம் முடியும், ஒரு மாவட்டத்தின் நிலவரம் தெரிந்துவிடும். அந்த வேலைக்கு அது அருமையான கருவி.

ஆனால் உனக்கும் எனக்கும் மாவட்ட நிலவரம் போதாது. நாளைக் காலையில் இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரிய வேண்டும். அதைக் கட்டம் சொல்லாது. பிள்ளை செய்கிற தப்புதான் சொல்லும்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள், இருவரும் 'சொல்' கட்டத்தில். முதல் பையன் 'பகல்' என்ற சொல்லில் நின்றான். ப... க... ல்... என்று தனித்தனியாகச் சொன்னான். சேர்த்துச் சொன்னபோது க-வை 'கடல்' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொன்னான், ஏறக்குறைய 'பக்கல்' என்று காதில் விழுந்தது. இன்னொரு தடவை அப்படியே சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. திடீரென்று நிமிர்ந்து, க-வை மென்மையாக்கி, நாமெல்லாம் சொல்கிற மாதிரி 'பகல்' என்றான். முகமே மாறிவிட்டது. கடல், பகல், பங்கு என்று மூன்றிலும் ஒரே எழுத்துதான், ஆனால் ஒலி மூன்று விதம். எந்த ஒலி என்பதை எழுத்து காட்டிக்கொடுப்பதில்லை, சொல்லைத் தெரிந்தவன்தான் சரியாகச் சொல்ல முடியும். அந்த க மென்மையான நொடியில் அவன் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. 'அர்த்தம் என்ன' என்று தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. இவனுக்கு எழுத்தும் தெரியும், பேச்சும் தெரியும், இரண்டையும் சேர்க்கிற பழக்கம்தான் போதாது. அவன் நிறைய வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து வந்த பெண் வேறு. 'படம்', 'மரம்', 'பாடு' எல்லாம் தடையில்லாமல் வந்தது. 'கொக்கு' வந்ததும் 'கெரக்கு' என்றாள். 'தோடு' வந்ததும் அதே மாதிரி. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்க அவளுக்கு இன்னும் வரவில்லை, கொம்போடு வருகிற காலைப் பார்த்தால் ர என்று தோன்றுகிறது. யோசித்துப் பார், நம் எழுத்தில் இது உண்மையிலேயே கஷ்டமான இடம். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது க். 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. 216 உயிர்மெய்யையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகூட ஒரு சொல்லுக்குள் இதைப் பார்த்தால் தடுமாறும். அவளுக்கு வேண்டியது கொம்புக் குறிகளுக்கு மட்டும் நாலைந்து நாள் பயிற்சி. பதிவேட்டில் இவளும் அந்தப் பையனும் ஒரே வரிசை. இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தியிருந்தால் இருவருக்குமே வீணாகப் போயிருக்கும்.

இதையெல்லாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வாசிக்கிற தாளின் இன்னொரு பிரதியை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு டிக். தப்பாக வாசித்தால் அந்தச் சொல்லின் தலைக்கு மேல் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் 'தி' என்று போடுகிறேன். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த முறைதான் இது. அவர் கணக்கில் தானே திருத்திக்கொண்டது தப்பில் சேராது. சேரக் கூடாதும்தான். திரும்பிப் போய்த் திருத்துகிற பிள்ளை, தான் வாசிப்பதைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரு தாளில் 'தி' நிறைய இருந்தால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இங்கே நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, இதில் மட்டும் நீ உன் தலைமை ஆசிரியரிடம் உறுதியாக நின்று பேச வேண்டும். தாளில் 'இருக்கிறது' என்று இருக்கும், பிள்ளை 'இருக்கு' என்று வாசிக்கும். 'வந்துவிட்டான்' என்பதை 'வந்துட்டான்' என்று வாசிக்கும். இதைத் தப்பு என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எண்ணுவதில்லை. எழுத்தைப் பார்த்து, சொல்லைப் புரிந்துகொண்டு, தன் வாயில் இருக்கிற பேச்சில் திருப்பிச் சொல்லியிருக்கிறது அந்தப் பிள்ளை. புரியாமல் அப்படிச் சொல்லவே முடியாது. தாளில் சின்னதாக ஒரு 'பே' போட்டு வைத்துக்கொள்கிறேன், எழுத்துத் தமிழைப் பிறகு பழக்கலாம். ஆனால் 'வந்தான்' என்பதை 'வந்தாள்' என்று வாசித்தால் அது தப்புதான், அங்கே ஆளே மாறிவிடுகிறது.

அப்புறம், எத்தனை சதவீதம் சொல் சரியாக வர வேண்டும் என்று கேட்டிருந்தாய். எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1946-ல் சொன்ன அளவு இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு சொல்லில் 99 சரியாக வந்தால் பிள்ளை தனியாக வாசிக்கலாம், 95 என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம், 90-க்குக் கீழே போனால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குச் சுமை. ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சொன்ன கணக்கு அது. நம் மொழியில் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலைந்து சொல் வேண்டும். அதில் ஒரே ஒரு எழுத்தில் பிள்ளை தடுமாறினாலும் முழுச் சொல்லும் போயிற்று. அதனால் 95-ஐ நான் சட்டமாக வைத்துக்கொள்வதில்லை. பத்துச் சொல்லுக்கு ஒன்று விழுகிறதென்றால் சுலபமான தாளுக்கு மாறுகிறேன், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்கிற வேக அட்டவணையும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குப் போட்டதைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் வைக்காதே. அந்தப் பிள்ளையின் ஜூன் மாத வேகத்தையும் செப்டம்பர் மாத வேகத்தையும் ஒப்பிட்டுப் பார், அது உபயோகமான கணக்கு.

இப்போது எனக்கு மனசு கனக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருஷம் முன்னால் ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். கதைத் தாளைக் கொடுத்ததும் கடகடவென்று வாசித்து முடித்தாள், ஒரு எழுத்துப் பிசகவில்லை. மேல் கட்டத்தில் எழுதினேன், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். கிட்டத்தட்ட அரை வருஷம் அவள் பக்கமே நான் திரும்பவில்லை. ஒருநாள் கணக்குப் பாடத்தில், வாக்கியமாக எழுதியிருந்த கணக்கு ஒன்றை வாசித்துவிட்டு, என்ன செய்வதென்றே தெரியாமல் என்னைப் பார்த்தாள். சந்தேகம் வந்து, பழைய கதைத் தாளையே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தாளை மூடிவிட்டு, 'இப்ப எனக்கு அந்தக் கதையைச் சொல்லு' என்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. நானே மெதுவாக வாசித்துக் காட்டினேன், அப்போதும் வரவில்லை. அவள் வீட்டில் பேசுவது வேறு மொழி. எழுத்தைக் கற்றுக்கொண்டு ஒலியாக்கத் தெரிந்திருந்தது, சொல் தெரியவில்லை. 'நல்லா வாசிக்கிறா' என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆறு மாதமும் அவள் தனியாகத் தவித்திருக்கிறாள்.

அன்றிலிருந்து இரண்டு வேலையை விடுவதே இல்லை. வாசித்து முடித்ததும் தாளை மூடிச் சொல்ல வைப்பது ஒன்று. அது வராவிட்டால், அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நானே வாசித்துக் காட்டி, சொல்லச் சொல்லிக் கேட்பது இன்னொன்று. காதால் கேட்டுப் புரிந்துகொண்டு, கண்ணால் வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்தில் வேலை இருக்கிறது. காதால் கேட்டும் புரியவில்லை என்றால் மொழியில் வேலை இருக்கிறது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-ல் இதைத்தான் பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் பெருக்கல் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம்.

எதைப் பற்றிய பத்தி என்பதையும் பார்த்துக்கொள். ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவர் 1988-ல் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாக நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஒரே தாளை வைத்து ஒரு பிள்ளையின் நிலையை முடிவு செய்யாதே. குறைந்தது இரண்டு தாள், இரண்டு வேறு விஷயம்.

பதிவேட்டைப் பென்சிலில் எழுது. இதை மன்றாடிக் கேட்கிறேன். ஸ்டாஃப் ரூமில் 'அவன் எழுத்து நிலை', 'இவள் சொல் நிலை' என்று அதையே பேராக்கிக் கூப்பிடுவதை நீயும் கேட்டிருப்பாய். ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டால், சில பிள்ளைகள் இரண்டு கட்டம் தாண்டியிருக்கும். கீழ்க் கட்டத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு எழுத்தட்டையை மட்டும் நீட்டிக்கொண்டே இருக்காதே. அவர்களுக்கும் தினமும் ஒரு கதையை நீ வாசித்துக் காட்டு. எதற்காக இந்த எழுத்தோடு போராடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

சரி, நீ கடைசியில் எழுதியிருந்த பையன். தாளைக் கொடுத்தால் வாயே திறப்பதில்லை, என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதுவும் போடாதே, கட்டத்தைக் காலியாக விடு. ஒரு தாளில் ஆறு சொல் எழுதி, 'மரம் எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு' என்று கேட்டுப் பார். தொட்டுவிட்டால் அவனுக்குக் கொஞ்சமாவது வாசிக்கத் தெரியும். அடுத்த வாரம் நீ ஒரு வரி, அவன் ஒரு சொல் என்று சேர்ந்து வாசியுங்கள். குரல் எவ்வளவு சின்னதாக வந்தாலும் பரவாயில்லை. அந்தத் தாளில் நீ போட்ட குறிகளோடு அப்படியே ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பு. நானும் பார்க்கிறேன்.

அம்மா உன்னை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். நீ எழுதும் பதிலைத் தானே வாசிக்கப் போகிறாராம், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய தோழி