ஞாயிறு சைக்கிள் ஓடுற திருகோணமலை அண்ணாமாருக்கு, முழங்கால் பேட் விசயமா ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாமாருக்கு,

ஞாயிறு விடிய அனுராதபுர சந்தியில கூடி கன்னியா, பெரியகுளம் பக்கமெல்லாம் மவுண்டன் பைக்கில எங்களைக் கூட்டிக்கொண்டு போற உங்க எல்லாருக்கும்தான் எழுதுறன், ஒராளைக் குறி வச்சு இல்ல. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடுற ஆக்களும் வாசிச்சா நல்லம்.

நான் முழங்கால் பேட் போட்டுக்கொண்டு வந்தா "சங்கக்கார வந்திட்டார், விலத்துங்கோ" எண்டு ஒரு பகிடி, அது முடிய "தங்கச்சி எங்க, யுத்தத்துக்கோ" எண்டு இன்னொண்டு. சங்கக்கார பேட் இல்லாம ஒரு பந்துக்காவது விக்கெட்டுக்குப் பின்னால நிண்டவரோ எண்டு நான் திருப்பிக் கேட்டனான், ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. சரி, எனக்கு பகிடி பிரச்சினை இல்ல, உங்கட டைட்டான ஜெர்சியைப் பாத்து நாங்களும் பின்னால நிண்டு சிரிக்கிறதுதான். பிரச்சினை என்னெண்டா புதுசா வாற பொடியள் இந்தப் பகிடியைக் கேட்டிட்டு பேக்கில கொண்டு வந்த பேட்டை வெளிய எடுக்காமலே திருப்பி வீட்டுக்குக் கொண்டு போறாங்கள். ரெண்டு பேரை நானே கண்டன். நீங்க முன்னுக்குப் போற ஆக்கள், நீங்க என்ன போடுறீங்களோ அதைத்தான் அவங்களும் போடுவாங்கள், நீங்க எதைப் பாத்து சிரிக்கிறீங்களோ அதைக் கழட்டுவாங்கள்.

உங்கட வாதம் எனக்குத் தெரியும். "நாங்க என்ன மலை உச்சியில இருந்து பாயுறமோ, குளக்கட்டிலயும் கிரவல் ரோட்டிலயும் சும்மா உருட்டிக்கொண்டு போறம், இதுக்கு என்னத்துக்கு பேட்?" அண்ணா, நான் சொல்ல வாறதே அதுதான், அந்த சும்மா உருட்டுற இடத்திலதான் முழங்கால் போகுது. பெரிய இறக்கம் வந்தா எல்லாருக்கும் பயம், பிரேக்கில விரல் இருக்கும், கண் ரோட்டில இருக்கும், கதை நிண்டிடும். ஆனா தட்டையான கிரவல் பாதையில பக்கத்தில வாறவரோட வீட்டு வாடகை, மகன்ட ஏ எல் ரிசல்ட் எல்லாம் கதைச்சுக்கொண்டு போகேக்க வளைவில முன் சில்லு சாடையா வழுக்கும், கச்சான் காத்துக் காலத்தில அந்தக் கிரவல் எப்பிடிக் காஞ்சு கழண்டு கிடக்குமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. முன் சில்லு வழுக்கினா யோசிக்க நேரமே இல்ல, சைக்கிள் கீழ போகும், ஆள் முன்னுக்குப் போகும், கையும் முழங்காலும்தான் முதல்ல நிலத்தில படும். இல்லாட்டி ஹேண்டில்பார் திரும்பி, அதைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மில முழங்கால் போய் இடிக்கும். மாரி முடிஞ்ச கையோட பாதையெல்லாம் தண்ணி அரிச்சு வாய்க்காலா இருக்கும், அதுக்குள்ள சில்லு இறங்கினா இன்னும் மோசம். ஏத்தத்தில கல்லில ஏறேலாம சைக்கிள் நிண்டு போய், கால் ஊண்ட முதல் அப்பிடியே பக்கவாட்டில சரியிறது இன்னொண்டு. அந்த நேரம் ஸ்பீட் எண்டு ஒண்டுமே இல்ல, ஆனா கீழ கருங்கல் இருக்கு.

முழங்கால் சிரட்டையை ஒருக்கா தொட்டுப் பாருங்கோ. தோல், அதுக்குக் கீழ ஒரு மெல்லிய நீர்ப்பை, அதுக்குக் கீழ நேர எலும்பு. சதையும் இல்ல கொழுப்பும் இல்ல. தொடையில விழுந்தா நீலம் பாரிக்கும், ரெண்டு கிழமையில சரி. முழங்காலில விழுந்தா தோல் கிழிஞ்சு மண் உள்ள போகும், அந்த நீர்ப்பைக்குள்ள கிருமி போனா வீங்கி, சிவந்து, காய்ச்சல் காஞ்சு, மருந்தும் ஓய்வும் எண்டு எத்தினை நாள் போகுமோ. எங்கட குரூப்பில விழுந்த ஒரு தம்பிக்கு காயம் கழுவேக்க நான் பக்கத்தில நிண்டனான். சலைன் ஊத்தி ஊத்தி, ஈரத் துணித்துண்டால தேச்சுத் தேச்சு அந்த நர்ஸ் மிஸ் ஒவ்வொரு சிவப்புக் கல்லா எடுத்தா, பொடியன் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கூரையைப் பாத்தபடி, ஏற்பு ஊசி போட்டதைக் கூட அவன் உணரேல்ல. எல்லாத்தையும் எடுக்கேலாது. மிச்சம் கிடக்கிறது தோலுக்குக் கீழ அப்பிடியே ஆறி, பச்சை குத்தின மாதிரி நிக்கும். அவன்ட முழங்காலில இப்பவும் அந்தப் புள்ளிகளைக் காணலாம். முதலே கன்னியாவில கொண்டு போய் வெந்நீர் ஊத்திக் கழுவினா சரி எண்டு சொன்ன அண்ணா யாரெண்டு நான் சொல்ல மாட்டன், ஆனா அது புண்ணியம் தேடிப் போற ஏழு கிணறு, காயம் கழுவுற டிஸ்பென்சரி இல்ல.

அவனுக்கு அண்டைக்கு சாதாரண பேட் ஒண்டு இருந்திருந்தா துணிதான் கிழிஞ்சிருக்கும்.

இன்னொண்டு, எங்கட ஊரில முழங்காலை மடக்காம ஒரு நாள் ஓடாது. கோணேஸ்வரத்தில விழுந்து கும்பிடுறதுக்கு வேணும், சேர்ச்சில முழந்தாள் படியிடுறதுக்கு கத்தோலிக்க ஆக்களுக்கு வேணும், எங்களோட வாற கிண்ணியா நானாமாருக்கு அஞ்சு நேரத் தொழுகைக்கு வேணும், குந்தி இருந்து தேங்காய் திருவ வேணும். திங்கக்கிழமை கந்தோரில படி ஏறுறதுக்கும் அதே முழங்கால்தான்.

இனி நேர்மையா ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். பேட் எல்லாத்தையும் காப்பாத்தாது. கால் நிலத்தில ஊண்டிய படி உடம்பு திரும்பினா ஜவ்வு கிழியும், அதுக்கு பேட் ஒண்டும் செய்யாது. அது அடிக்கும் உரசலுக்கும்தான். அதால "பேட் போட்டிருக்கிறன், விட்டுப் பிடிப்பம்" எண்டு வீராப்புக் காட்டுற பொடியளை நீங்க ஏசினா நான் உங்கட பக்கம்தான் நிப்பன்.

வெக்கை, வேர்வை எண்டு சொல்லுற ஆக்களுக்கு. அது நியாயமான கதை, இந்த ஊர் வெயிலில பழைய காலத்துப் பிளாஸ்டிக் தட்டு வச்ச பேட் போட்டு ஓடச் சொன்னா நானும் ஓட மாட்டன். ஆனா இப்ப வாறது அப்பிடி இல்ல. காலுறை மாதிரி இழுத்துப் போடுற மெல்லிய சிலீவ், பின்னுக்கு வலை, முன்னுக்கு மட்டும் ஒரு மெத்தை. அந்த மெத்தை சும்மா ஸ்பொஞ்ச் இல்ல. கோன்பிளவர் மாவில கொஞ்சமா தண்ணி விட்டுக் குழைச்சிட்டு விரலை மெதுவா விட்டா உள்ள போகும், குத்தினா இறுகும் தெரியுமோ, கிட்டத்தட்ட அந்த மாதிரித்தான், பெடல் மிதிக்கேக்க மெத்தெண்டு மடங்கும், கல்லில அடிபடேக்க அந்த நேரத்துக்கு இறுகி அடியைப் பரத்தும். டி3ஓ எண்டு லேபிளில பாத்திருப்பீங்க, அது ஒரு வகை, வேற கொம்பனிகள் வேற பேரில செய்யுறாங்கள்.

நிமிசத்துக்கு 80 தரம் மிதிச்சா மணித்தியாலத்தில ஒவ்வொரு முழங்காலும் 4800 தரம் மடங்குது. அதால அடி தாங்குறதைப் போலவே பின் பக்கத் தையலும் முக்கியம், முழங்கால் மடிப்பில தையல் உரசினா அரை மணித்தியாலத்தில கழட்டி எறிவீங்க, பிறகு பேட் எண்டாலே சரி வராது எண்டு ஊரெல்லாம் சொல்லுவீங்க. ரோட்டில போகேக்க பேட்டைக் கணுக்காலுக்கு இறக்கி விட்டிட்டு கிரவல் தொடங்க இழுத்து ஏத்துறதும் நல்ல வழி, கனபேர் அப்பிடித்தான் செய்யுறவை, பாக்கிறதுக்கு கொஞ்சம் பகிடியா இருக்கும்தான்.

வாங்கேக்க ஈஎன் 1621-1 எண்டு லேபிளில இருக்கோ எண்டு பாருங்கோ. அது மோட்டார்சைக்கிள்காரருக்கு எழுதின ஐரோப்பியத் தரம், எங்கட பேட்டுக்கும் அதைத்தான் பாவிக்கினம். 50 ஜூல் சக்தியில அடிச்சுப் பாப்பாங்கள், மற்றப் பக்கம் வாற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள நிண்டா லெவல் 1, 20க்குள்ள நிண்டா லெவல் 2. ஞாயிறு ஓட்டத்துக்கு லெவல் 1 காணும் எண்டுதான் நான் சொல்லுவன், ஏனெண்டா லெவல் 2 கூடுதலா தடிப்பா இருக்கும், தடிப்பா இருந்தா வீட்டில கிடக்கும், வீட்டில கிடக்கிற பேட் எந்த லெவல் எண்டா என்ன. அதோட டி எண்டு போட்டு பிளஸ் அடையாளம் இருந்தா 40 பாகை சூட்டிலயும் சோதிச்சுப் பாஸ் பண்ணினது எண்டு அர்த்தம். சூட்டுக்கு இந்த மெத்தையள் இளகும், அதால எங்கட ஊருக்கு அதைக் கட்டாயம் பாக்க வேணும், குளிருக்குச் சோதிச்ச மைனஸ் அடையாளம் நுவரெலியாக்காரருக்கு உதவட்டும்.

வொலிபோல் பேட் வாங்கி வச்சிருக்கிற ஆக்கள் இருக்கிறீங்க. அது வழுவழுப்பான தரையில விழுந்து சறுக்குறதுக்குச் செய்தது, கிரவலில இழுபட்டா துணி கிழியும், இல்லாட்டி பேட் கீழ போய் முழங்கால் வெளிய நிக்கும். டைல்ஸ் பதிக்கிறவை போடுற பேட்டும் அப்பிடித்தான், முழந்தாளில இருக்கிறதுக்கு நல்லம், மிதிக்கிறதுக்கு இல்ல. ஒண்டும் இல்லாததுக்கு அது பரவாயில்லையோ எண்டு கேட்டா, ஓம், கொஞ்சம் பரவாயில்ல.

"ஒலிம்பிக்கில ஓடுறவன் போடுறானோ" எண்டு போன மாசம் ஒரு அண்ணா கேட்டவர். 1996 அட்லாண்டாவில இருந்து ஒலிம்பிக்கில மவுண்டன் பைக் இருக்கு, கிராஸ் கன்ட்ரி ஆக்கள் வெறும் முழங்காலோடதான் ஓடுறாங்கள், உண்மை. அவங்களுக்கு செக்கண்ட் கணக்கு, பாதையை முதலே ஓடிப் பாத்து மனப்பாடம், கரையில டொக்டர் நிக்கிறார். எங்களுக்கு கரையில மாடு நிக்குது. அதே விளையாட்டில டவுன்ஹில், அதாவது மலை இறக்கம், ஓடுறவைக்கு முழங்காலுக்கும் முழங்கைக்கும் பாதுகாப்புப் போடச் சொல்லித்தான் உலக சைக்கிள் சம்மேளனம் பலமா சிபாரிசு செய்யுது.

ஹெல்மெட் கதையையும் ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. 1991ல அதே சம்மேளனம் ஹெல்மெட் கட்டாயம் எண்டு சொல்ல, பாரிஸ்–நீஸ் ரேஸில வீரர்மார் வேலைநிறுத்தம் மாதிரி எதிர்ப்புக் காட்டினவை, வெக்கையாம், எங்கட விருப்பமாம், சட்டம் பின்வாங்கிச்சு. பிறகு 2003ல அதே பாரிஸ்–நீஸில கசகஸ்தான்காரர் அந்திரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாம விழுந்து தலையில அடிபட்டுச் செத்தாப் பிறகுதான் அது கட்டாயம் ஆச்சு. முழங்கால் போனா ஆள் சாகாது, ரெண்டையும் ஒரே தராசில நான் வைக்கேல்ல. ஆனா வெக்கை எண்ட அதே சாட்டைத்தான் நீங்களும் சொல்லுறீங்க, ஹெல்மெட் போடாம வந்தா திருப்பி அனுப்புற அதே நீங்க.

பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றியும் சொல்ல வேணும். இப்ப மூண்டு நாலு பேர் வாறம். ஒரு பிள்ளை முழங்காலில காயத்தோட வீட்டுக்குப் போனா காயத்தைப் பற்றிக் கதைக்க மாட்டினம், "இனி சைக்கிள் ஓடப் போகாத, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லுறது" எண்டுதான் தொடங்குவினம். தழும்புக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு சண்டை பிடிக்கலாம், பிடிக்கத்தான் வேணும், ஆனா அந்தச் சண்டை முடியிற வரைக்கும் அவள் ஞாயிறு வர வேணும் எல்லோ. அதுக்கு பேட் உதவும். பொடியனுக்கு அதே காயம் பெருமை, அதையும் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

காசு இல்ல எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 100 கிராம் குறைக்க கார்பன் ஹேண்டில்பார் எடுப்பிச்ச ஆக்கள் இருக்கிற குரூப் இது. உண்மையா காசு இல்லாத பொடியளும் எங்களோட வாறாங்கள், அவங்களுக்குத்தான் வழி பாக்க வேணும்.

அதால நான் கேக்கிறது: கட்டாயம் ஆக்காதேங்கோ, கட்டாயம் எண்டா அடுத்த கிழமை பாதிப்பேர் வர மாட்டினம். சனி இரவு நீங்க போடுற மெசேஜில "ஹெல்மெட், தண்ணி, டியூப், பம்ப்" எண்டு வாற வரியில "முழங்கால் பேட்" எண்டும் ஒரு சொல் சேருங்கோ. 16 வயசுக்குக் கீழ வாற பிள்ளையளுக்கு மட்டும் கன்னியாவுக்கு அங்கால கல்லுப் பாதையில பேட் இல்லாம விடாதேங்கோ. குரூப் காசில நாலு சோடி வாங்கி வைப்பம், புதுசா வாறவங்கள் போட்டுப் பாக்கட்டும், தோய்க்கிற பொறுப்பை நான் எடுக்கிறன். கையால தோய்ச்சு நிழலில காய விட வேணும், வெயிலில கொடியில போட்டா மெத்தையும் பிடி ரப்பரும் கெதியா போயிடும். நாறுற பேட்டை ஒருத்தரும் இரவல் வாங்க மாட்டினம். முக்கியமா முன்னுக்குப் போற அண்ணாமாரில ரெண்டு பேராவது போட்டுக்கொண்டு வாங்கோ, ஒரு மாசம் மட்டும்.

ஆவணியில கனடாவில இருந்து ஒராள் ஊருக்கு வாறா, பெட்டியில கொஞ்சம் இடம் இருக்காம். அளவுதான் வேணும், சோடியா எம், எல் எண்டு குத்துமதிப்பா சொல்லாதேங்கோ, ஒவ்வொரு கொம்பனிக்கும் அளவு வேற. நிண்ட நிலையில முழங்கால் சிரட்டைக்கு மேல 15 சென்ரிமீற்றரில தொடைச் சுற்றளவும், கெண்டைக்காலில சுற்றளவும் காணும். லூசா எடுத்தா விழேக்க சுழண்டு பக்கத்துக்குப் போயிடும், அதால சின்னனா பெருசா எண்டு சந்தேகம் வந்தா சின்னனை எடுங்கோ. வாற ஞாயிறு தையல்காரர் டேப் ஒண்டு கொண்டு வாறன், தேத்தண்ணி குடிக்க நிக்கிற இடத்தில வச்சு அளப்பம். டைட்ஸோட வாற ஆக்களுக்கு பிரச்சினை இல்ல, மற்றவை தயவுசெய்து கட்டை காற்சட்டையோட வாங்கோ.

இப்படிக்கு,
பின்னுக்கு வாற தங்கச்சி