ஒரே அறையில் இரண்டு டிசைன் வோல்பேப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடி வீடுகளில் ஓர் அறைக்கு இரண்டு டிசைன் வோல்பேப்பர் ஒட்டுபவர்கள், முடிந்த பிறகு “என்னவோ ஒத்துவரவில்லை” என்று பூ டிசைனையும் கோடு டிசைனையும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் பின்னணி நிறத்தில்தான். தூய வெள்ளையில் கோடு, பால்நிறத்தில் பூ என்று எடுத்தால், பால்நிறச் சுவர் அழுக்குப் பிடித்ததுபோலவே தெரியும். கடைப் புத்தகத்தில் இது தெரியாது. இரண்டிலும் ஒரு அடித் துண்டு வாங்கி, அதே சுவரில் அருகருகே ஒட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

அளவும் நன்றாக வேறுபட வேண்டும். பூ ஒரு அடி அகலமென்றால் மற்றது இரண்டு அங்குலத்துக்குள் இருக்கட்டும். கோடு போட்டதை ஒட்டுமுன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மூலை அரை அங்குலம் சரிந்திருந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சுவருக்குச் சின்னப் பூவே நல்லது. இரண்டு டிசைனும் உள்மூலையில் சந்திக்கட்டும். வெளிமூலையில் ஆள் உரசி உரசி விளிம்பு கிளம்பும். வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சுள்ள வோல்பேப்பர், இன்னொரு வினைல்மேல் ஏறும் இடத்தில் சாதாரண பசை பிடிக்காது, அதற்கென்றே விற்கும் பசை வேண்டும்.

அதிகம் பிழையாகிப்போவது கணக்கு. 53 செ.மீ. அகலம், 10.05 மீற்றர் நீளமுள்ள ரோல் ஏறத்தாழ 57 சதுர அடி. 12 அடி அகலம், 9 அடி உயரச் சுவர் 108 சதுர அடிதானே, இரண்டு ரோல் போதும் என்று நினைப்பார்கள். போதாது. அந்தச் சுவருக்கு மேலிருந்து கீழ்வரை ஒட்டும் 7 பட்டிகள் வேண்டும். டிசைன் 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருமானால், உயரத்தோடு வெட்டிச் சீராக்க 10 செ.மீ. சேர்த்து வரும் 2.84 மீற்றரை, டிசைன் பொருந்துவதற்காக 64இன் ஐந்து மடங்காக எடுக்க, பட்டிக்கு 3.20 மீற்றர் போகும். ரோலுக்கு மூன்று பட்டிதான். இரண்டு ரோலில் ஆறு, ஒன்று குறையும். அந்த ஒன்றுக்காகப் பிறகு வாங்கும் ரோலின் தொகுதி இலக்கம் (எந்தத் தடவை அச்சிட்டது என்ற எண்) வேறாக இருந்தால், நிறம் ஒரு சாயல் விலகி முழுச் சுவரையும் கெடுத்துவிடும். மூன்றையும் ஒரே இலக்கத்தில் முதலிலேயே எடுங்கள். லேபலில் 64/32 என்று இருந்தால், அடுத்த பட்டி 32 செ.மீ. இறங்கித்தான் பொருந்தும்.

கொழும்பின் ஈரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏசி ஓடும் அறையில் வெளிச்சுவரின் உட்பக்கம் வினைல் ஒட்டாதீர்கள். சுவரூடாக வரும் ஈரம் குளிர்ந்த வினைலின் பின்னால் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். முன்னால் மாதக்கணக்கில் தெரியாது. புதுப் பூச்சுச் சுவரில் 2 அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விலையோடு, டிசைன் எத்தனை செ.மீ.க்கு ஒருமுறை திரும்புகிறது என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். மாதிரித் துண்டு கேட்பவருக்கு இல்லையென்று சொல்லாதீர்கள்.

உள்ளலங்கார வேலையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06